நுரை, ஒன்று முதல் ஐந்து வரை

திருவாரூர் பைபாஸில் டயர் கடைக்கு மேல்மாடி.
மூன்று மேசை, ஒரு இன்வெர்ட்டர்.
இருநூற்றுப் பத்து வீடுகள் இன்று காலை வந்திறங்கின
ஒரே எக்செல் கோப்பில்.

பெயர் மறைத்த மூன்று சலவை சோப்பு:
417, 582, 936.
நுரை எப்படி, கறை போச்சா, கை எரிஞ்சுதா,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லணும்.

இறக்குமதி என்ற பொத்தானை அழுத்தினேன்.
மென்பொருள் முதல் கவளத்திலேயே தமிழைத் துப்பியது.
மும்தாஜ் பேகம் வெறும் கேள்விக்குறிகள்,
வேம்பரசி ஐந்து சதுரப் பெட்டி.
குறிமுறையை மாற்றி மறுபடி இழுத்தேன்.
அவரவர் பெயருக்கு அவரவர் திரும்பினார்கள்,
புள்ளி வைத்த எழுத்தெல்லாம் புள்ளியோடு.

3-4 என்று போட்டவர்கள் திரும்பவில்லை.
மூணா நாலா என்று தயங்கிய பதினோரு பேரும்
ஏப்ரல் மூன்றாம் தேதியில் போய் நிற்கிறார்கள்.
கை எரிச்சல்: ஏப்ரல் 3.

தண்ணீர் என்ற பத்தியில்
ஆறு, வாய்க்கால், போர், பைப்பு,
அப்புறம் இன்னொரு பைப்பு.
கடைசியில் யாரோ ஸ்பேஸ் பாரைத் தட்டிவிட்டதில்
பூமியில் புதிதாக ஒரு தண்ணீர்.

வரிசை 88. எண் கேட்ட இடத்தில்
'பரவாயில்ல.'

ரூபிக்குப் போன் போட்டேன்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கிறாள்,
அவள் குரலுக்குப் பின்னால் ஒரு கூட்ஸ் வண்டி
முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறது.
"எந்தப் பரவாயில்ல?
இழுத்துச் சொன்னா ரெண்டு.
வெட்டிச் சொன்னா நாலு.
அந்தம்மா பாதியில பால் பொங்குதுன்னு உள்ள போயிட்டாங்க."
அப்ப நான் என்ன போட?
"கேட்டு தொறந்துட்டான், வெச்சிர்றேன்."

மூன்று போட்டேன்.
அழித்தேன்.
டீ குடித்துவிட்டு வந்து மறுபடி மூன்று.

அதற்குப் பிறகுதான் 171.
171 முதல் 193 வரை, தலைஞாயிறுக்குக் கிழக்கே,
நுரை இல்லை கறை இல்லை எரிச்சல் இல்லை,
உழுது போட்டுவிட்டு விதைக்காத மாதிரி
வெள்ளைக் கட்டங்கள்.

மென்பொருள் மரியாதையாகக் கேட்கிறது:
விடுபட்டவை 23.
நீக்கவா, சுழியம் இடவா, சராசரியால் நிரப்பவா?

சராசரி மூணு புள்ளி ஆறு.
ஒரு தட்டு தட்டினால் இருபத்துமூன்று வாளியிலும்
அளவான நுரை பொங்கிவிடும்.
சுழியம் போட்டால் பழி சோப்புக்கு.
நீக்கினால் ரூபி அங்கே
வெயிலில் ஸ்கூட்டி ஓட்டிப் போகவே இல்லை.

கீழே டயர் கடைப் பையன்
ட்யூபைத் தொட்டியில் அமுக்கித் திருப்புகிறான்,
எங்கேயாவது ஒரு குமிழி வருகிறதா என்று.

மூலக் கோப்பைத் திறந்தேன்.
V வரைதான் இழுத்திருக்கிறேன்.
W என்று ஒரு பத்தி இருந்தது, குறிப்பு,
ரூபி நின்றுகொண்டே தட்டியது:
"போர் உப்பு. மேட்டூர் தொறந்து பதினாறு நாள்,
இங்க வரல. லாரியும் நாலு நாளா வரல.
குடிக்கவே அளந்து ஊத்துறாங்க. யாரும் துவைக்கல.
சோப்பைப் பிரிக்காம எடுத்து வெச்சிருக்காங்க,
தண்ணி வந்ததும் சொல்றாங்களாம்."

எங்கள் குறியீட்டுப் பட்டியலில்
99 பதிலில்லை,
98 தெரியாது.
97 காலியாக இருந்தது.

ஆறு மணிக்கு சென்னையிலிருந்து மேனேஜர்.
"97ன்னு இருபத்துமூணு எடத்துல வருதே, என்னது அது?"
தண்ணி சார், என்றேன்.
"நாம சோப்பப் பத்திதானப்பா கேட்டோம்?"
ஆமா சார்.
"சராசரி போட்டு அனுப்பு."

கோப்புக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
சேமிக்கவா என்று கேட்டபடி
பெட்டி திறந்தே இருக்கிறது.